வெட்டிய மரம் காய்க்கவில்லையா? செட்டிநாட்டு வீட்டு மரங்களுக்குக் கவாத்துப் பிழை நீக்கும் வழிமுறை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று எந்தப் பக்கம் போனாலும் வீட்டின் பின்கட்டைத் தாண்டினால் ஒரு மா இருக்கும், ஒரு கொய்யா இருக்கும், கிணற்றடியில் எலுமிச்சை, மதில் ஓரம் நெல்லியோ நாட்டு பாதாமோ நிற்கும். இந்த மரங்களைப் பற்றி என்னிடம் வருகிற புகார்கள் திரும்பத் திரும்ப ஒன்றேதான். வெட்டிவிட்டோம், அதற்கப்புறம் என்னவோ ஆகிவிட்டது. வீட்டுக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். மழைக்கு முன்னால் ஓட்டில் இலை சேர்கிறது என்று ஃபோனில் சொல்லிவிடுவார், ஆள் வந்து ஒரே நாளில் எல்லா மரத்தையும் ஒரே மாதிரி அரிவாளால் கழித்துவிட்டுப் போவார். கவாத்துக்கு, அதாவது கொம்பு கழிக்கிற வேலைக்கு, மரத்துக்கு மரம் கணக்கு வேறு, மாதம் வேறு.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன், உங்கள் மரத்தில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். எதுவானாலும் முதலில் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: எந்த மாதம் வெட்டியது, கொம்பை எந்த இடத்தில் வெட்டியது, அரிவாளா ரம்பமா. கொம்பு தாய்மரத்தோடு சேருகிற இடத்தில் கொஞ்சம் தடித்து, தோல் சுருங்கின மாதிரி ஒரு வளையம் இருக்கும். அதைத்தான் கீழே கழுத்து என்று சொல்கிறேன். வெட்டு அந்தக் கழுத்தை ஒட்டி, கழுத்தைக் காயப்படுத்தாமல் விழ வேண்டும்.

மா: வெட்டினதிலிருந்து பூவே வரவில்லை

முதல் சந்தேகம் தேதி மேல்தான். ஒரு ஆச்சி கேட்டார், "வருசா வருசம் வெட்டத்தானேப்பா செய்றோம், அப்புறம் ஏன் காய்க்க மாட்டேங்குது?" வருடா வருடம் புரட்டாசிக் கடைசியில் வெட்டியதுதான் காரணம். மா பூப்பது முற்றின கொம்பின் நுனியில். இங்கே மார்கழியிலிருந்து மாசி வரை பூக்கிற மரத்தை மழைக்கு முன்னால் வெட்டினால், ஐப்பசி ஈரத்தில் புதுத் தளிர் அடிக்கும், அது முற்றுவதற்குள் பூக்கிற காலம் போய்விடும்.

பார்க்க வேண்டியது: மார்கழி முதல் வாரத்தில் மரத்தின் நாலு பக்கமும் நுனிக்கொம்பைப் பிடித்துப் பாருங்கள். இலை செம்பு நிறத்தில் தொளதொளவென்று தொங்கினால் அந்தக் கொம்பில் இந்த வருடம் பூ இல்லை. இலை கரும்பச்சையாக, விறைப்பாக இருந்து, நுனி மொட்டு உருண்டு பருத்திருந்தால் பூ வரப்போகிறது. ஒரே மரத்தில் ஒரு பக்கம் அப்படி, ஒரு பக்கம் இப்படி இருப்பதும் உண்டு.

- தேதிதான் தப்பு என்றால்: இந்த வருடம் கை வைக்காதீர்கள். அடுத்த கவாத்து காய் இறங்கின கையோடு. ஆனிக் கடைசியில் தொடங்கி ஆடிக்குள் முடித்துவிடுவது நல்லது, ஆவணியைத் தாண்டவே கூடாது.
- தேதி சரி, ஆனாலும் மழை முடிந்தும் தளிர் விட்டுக்கொண்டே இருக்கிறது என்றால்: தண்ணீர் எங்கிருந்து போகிறது என்று பாருங்கள். குளியலறைத் தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் நேராக மாமரத்துத் தூருக்குப் போகிற வீடுகள் இங்கே ஏராளம். பூக்கிறதுக்கு முன்னால் இரண்டு மாதம் வேர் காய வேண்டும். அந்த வாய்க்காலை வாழைக்குத் திருப்பிவிட்டு, மாம்பிஞ்சு பட்டாணி அளவு வந்தபிறகு திரும்ப மாவுக்கு விடலாம்.
- போன வருடம் காய்த்துக் கொட்டியது, இந்த வருடம் ஒன்றும் இல்லை என்றால்: பல ரகங்களுக்கு ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் காய்க்கிற குணம் உண்டு. கவாத்து மேல் பழி போட வேண்டாம்.
- நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தால் வானமே தெரியவில்லை என்றால்: உள்ளே வெளிச்சம் இல்லை. செத்த கொம்பு, ஒன்றோடொன்று உரசுகிற கொம்பு, நட்டுக்குத்தாக நடுவில் ஏறுகிற ஒன்றிரண்டு தடிக் கொம்பு, இவ்வளவுதான் எடுக்க வேண்டும். மொத்தத் தழையில் கால் பங்குக்கு மேல் ஒரே வருடத்தில் எடுக்காதீர்கள்.
- அப்பத்தா காலத்து மரம், ஓட்டுக்கு மேல் இரண்டு ஆள் உயரம் போய்விட்டது என்றால்: உயரத்தைக் குறைக்க முடியும், ஆனால் மூன்று வருடமாகப் பிரித்து, வருடத்துக்கு ஒன்றிரண்டு தாய்க்கொம்பாக. இது கூலி கொடுத்து, விவரம் தெரிந்த ஆளை வைத்துச் செய்கிற வேலை.

மாம்பால் மேலே பட்டால் தோல் வெந்துபோகும், முந்திரியிலும் அப்படித்தான். முழுக்கைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி.

வெட்டிய இடத்தைச் சுற்றிக் குத்துக்குத்தாகப் போத்து (புதுக்குருத்து) கிளம்புகிறது

பெரும்பாலும் கொம்பை நடுவில் வெட்டியதுதான் காரணம். கழுத்து வரைக்கும் போகாமல் கை நீளத்துக்கு ஒரு கட்டையை விட்டுவிட்டால் அதன் முனையில் பத்து, பதினைந்து போத்து வரும். ஒரேயடியாக நிறைய எடுத்தாலும் இப்படித்தான், போன தழையைச் சீக்கிரம் ஈடுகட்ட மரம் படுகிற பாடு அது.

அதை மறுபடி அரிவாளால் சீவாதீர்கள், இன்னும் இரண்டு மடங்கு வரும். விரல் நீளத்தில் இளசாக இருக்கும்போதே கையால் கீழ்நோக்கி இழுத்துக் கிழித்து எடுங்கள், அடிமொட்டோடு வந்துவிடும். வெளிப்பக்கம் பார்த்து நிற்கிற ஒன்றிரண்டை மட்டும் விட்டு வளர்க்கலாம்.

போத்து தூருக்குப் பக்கத்திலிருந்து வந்தால் கதை வேறு. ஒட்டுக்கட்டின தழும்பைத் தேடுங்கள், தண்டில் ஒரு முடிச்சு மாதிரியோ நிற மாற்றமாகவோ தெரியும். அதற்குக் கீழே வருவது வேர்ச்செடியின், அதாவது ஒட்டுக்கு அடியாக வைத்த செடியின், போத்து. சப்போட்டாவில் இது ரொம்பச் சாதாரணம், ஏனென்றால் சப்போட்டாவைப் பாலை மரத்தில்தான் ஒட்டுக்கட்டுகிறார்கள். கவனிக்காமல் விட்டால் நாலைந்து வருடத்தில் மேலே இருக்கிற சப்போட்டா நலிந்துபோய், தோட்டத்தில் பாலை மரம்தான் நிற்கும். கண்டவுடன் மண்ணைத் தோண்டி, கிளம்புகிற இடத்தோடு எடுத்துவிடுங்கள். மேல்பாதி ஏற்கெனவே செத்துவிட்டது என்றால் புதுக்கன்று வைப்பதுதான் வழி.

வெட்டுவாய் கறுத்திருக்கிறது, பிசின் வடிகிறது, தூள் கொட்டுகிறது

இந்த மூன்றையும் ஒன்றாகச் சொல்லித்தான் கேட்பார்கள். மூன்றும் மூன்று விதம், பிரித்துப் பார்க்க வேண்டும்.

*வெறும் கறுப்பு, காய்ந்து கெட்டியாக இருக்கிறது.* நகத்தால் சுரண்டுங்கள். வெட்டுவாயைச் சுற்றிப் புதுப்பட்டை உதடு மாதிரி உருண்டு வந்துகொண்டிருந்தால் காயம் ஆறுகிறது, எதுவும் செய்ய வேண்டாம். கட்டை நீளமாக விடப்பட்டு அது செத்துக் கறுத்திருந்தால், மழை இல்லாத நாளாகப் பார்த்து ரம்பத்தால் கழுத்து வரைக்கும் திரும்ப வெட்டி, கீழே சொல்கிற போர்டோ பசையைப் பூசுங்கள்.

*பிசின் மட்டும்.* அரிவாள் வெட்டில் பட்டை நார்நாராகக் கிழிந்திருக்கும், அதன் இடுக்கில் தண்ணீர் நின்று அழுகும். கிழிசலைக் கூரான கத்தியால் நல்ல பட்டை தெரிகிற வரை செதுக்கிச் சமப்படுத்தி, போர்டோ பசை பூசினால் போதும்.

பசையை வீட்டிலேயே செய்யலாம். மயில்துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். துத்தத்தை அரை லிட்டரில் தனியாகக் கரைக்க வேண்டும், சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரில் நீர்த்து ஆறவிட்டு, பிறகு இரண்டையும் கலக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளிதான் சரி. வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று பழைய மங்குச் (எனாமல்) சட்டியை எடுக்காதீர்கள், மங்கு உதிர்ந்த இடத்தில் உள்ளே இருப்பது இரும்பு. கலந்ததும் ஒரு பளபளப்பான கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேருங்கள். அன்றைக்கே பூசி முடித்துவிட வேண்டும், மறுநாளுக்கு வைத்தால் வேலை செய்யாது. துத்தம் விஷம். கிணற்றடியில் கலக்காதீர்கள், குழந்தைகள் கை எட்டுகிற இடத்தில் வைக்காதீர்கள். வெட்டுவாயில் சாணி அப்புகிற பழக்கம் இங்கே நிறையப் பேரிடம் உண்டு, என் அனுபவத்தில் மழைக்காலத்தில் அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அதனால் நான் அதைச் சொல்வதில்லை.

*தூள்.* மரத்தூளும் எச்சமும் கலந்து பட்டையில் ஒட்டியிருந்தாலோ தூரில் கொட்டிக் கிடந்தாலோ தண்டுத்துளைப்பான் புழு உள்ளே இருக்கிறது. வெட்டிப் பூசாமல் விட்ட காயங்கள், வெடித்த பட்டை, இங்கேதான் வண்டு முட்டை வைக்கும். மாமரத்தில் துளையைக் கண்டுபிடித்து, சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியின் முனையைக் கொக்கி மாதிரி வளைத்து உள்ளே விட்டு, சுற்றிச் சுற்றி இழுங்கள். விரல் தடிமனில் வெள்ளைப் புழு வரும், சில சமயம் சதையும் தண்ணீருமாக வரும். பிறகு வேப்பெண்ணெயில் நனைத்த பஞ்சை அடைத்து, மேலே களிமண் பூசுங்கள். ஒரு வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள், புதுத்தூள் தள்ளியிருந்தால் இன்னொரு புழு இருக்கிறது. பெட்ரோல், மண்ணெண்ணெய் எல்லாம் உள்ளே ஊற்றாதீர்கள், பக்கத்தில் இருக்கிற நல்ல திசுவும் சேர்ந்து செத்துவிடும்.

முந்திரியில் இது தூரிலும் வேரிலும் வரும். இந்தச் செம்புறை மண் முந்திரிக்குப் பிடித்த மண், தோப்பு வைத்திருக்கிறவர்களும் நிறைய. தூரைச் சுற்றி மண்ணைப் பறித்து, பிசினும் தூளும் தெரிகிற இடத்தில் பட்டையைச் செதுக்கிப் புழுவை எடுத்துவிட்டு, வேப்பெண்ணெய்க் கரைசலைத் தூரிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை பூசுங்கள். தண்டைச் சுற்றிப் பாதிக்கு மேல் பட்டை போயிருந்து, மேலே இலையும் மஞ்சளாகிவிட்டால் அந்த மரம் தேறாது. அதற்குச் செலவு செய்வதைவிட வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள், விட்டுவைத்தால் பக்கத்து மரங்களுக்குப் போகும்.

கரையான் புற்று பட்டை மேல் ஏறியிருந்தால் பயப்பட வேண்டாம், துடைப்பத்தால் தட்டிவிட்டு அடியில் இருக்கிற பட்டை பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் செத்த பட்டையைத்தான் தின்றிருக்கும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: மூன்று துளைக்கு மேல் தெரிந்தால், தூரில் காளான் முளைத்திருந்தால், சுத்தியலால் தட்டும்போது வெற்றுச் சத்தம் கேட்டால். மருந்து எது, எவ்வளவு என்பதை உரக்கடையில் கேட்காமல் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேளுங்கள், புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர்களுக்கு வம்பன் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. பட்டையில் ஒரு சில்லு, தூளில் ஒரு கைப்பிடி, இரண்டையும் பொட்டலம் கட்டி எடுத்துப் போனால் பதில் சீக்கிரம் கிடைக்கும்.

மேற்குப் பக்கத்துப் பட்டை வெடித்து உரிகிறது

மாசி, பங்குனியில் மரத்தை மொட்டையடித்தால் சித்திரை வெயில் நேராகப் பட்டையில் விழும். நிழலிலேயே இருந்து பழகின பட்டை வெந்து வெடிக்கும். உரிந்த இடத்தில் உள்ளே பச்சை இருந்தால் மரத்துக்கு ஆபத்து இல்லை. தூரிலிருந்து முதல் கவை (கொம்பு பிரிகிற இடம்) வரைக்கும், வெயில் படுகிற தடிக் கொம்புகளுக்கும், வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். வெடிப்பு ஆழமாக இருந்தால் முதலில் போர்டோ பசை, காய்ந்தபிறகு சுண்ணாம்பு. அந்தப் பக்கத்துப் போத்துகளை இந்த வருடம் எடுக்காமல் நிழலுக்கு விட்டுவையுங்கள்.

கொய்யா: உச்சியில் மட்டும் காய், கீழே வெறும் கழி

இது வெட்டாமல் விட்டதால் வருவது. கொய்யா புதுத்தளிரில்தான் பூக்கும், அதனால் மாவுக்கு ஆகாத புரட்டாசி கொய்யாவுக்கு நல்ல மாதம். புரட்டாசி, ஐப்பசியில் ஒரு தடவை, மாசி, பங்குனியில் ஒரு தடவை, போன பருவத்தில் வளர்ந்த நுனிகளை 10 முதல் 15 செ.மீ. வெட்டிவிடுங்கள். பக்கக்கிளை வரும், அதில் பூ வரும்.

நட்டுக்குத்தாக ஏறுகிற கொம்பை வெட்டுவதைவிட வளைத்துக் கட்டுவது இன்னும் நல்லது. கயிறு போட்டு மெதுவாகப் படுக்கை மட்டத்துக்கு இழுத்து, தரையில் முளை அடித்துக் கட்டிவிடுங்கள். கொம்பின் முதுகு நெடுகக் கண் விட்டுத் தளிர் கிளம்பும், பல தளிரில் இலைக்கக்கத்திலேயே மொட்டு தெரியும். முற்றின கொம்பு வளையாது, ஒடிந்துவிடும், பென்சில் தடிமன் முதல் பெருவிரல் தடிமன் வரைதான் இதற்கு ஆகும்.

மரம் வயதாகி எல்லாக் கொம்பும் கழியாகிவிட்டால் இடுப்பு உயரத்தில் வெட்டிப் புதுசாக வளர்க்கலாம், கொய்யா அதைத் தாங்கும். ஒரு வருடக் காய் போகும் என்பதைத் தெரிந்து செய்யுங்கள்.

எலுமிச்சை: இலையும் முள்ளும்தான், காயைக் காணோம்

- கன்றின் வயது என்ன? விதைக் கன்று என்றால் நாலைந்து வருடம் பொறுக்கத்தான் வேண்டும்.
- வெயில் படுகிறதா? மதிலும் மாமரமும் மறைத்தால் காய் வராது. இங்கே கவாத்து பண்ண வேண்டியது மாமரத்தை.
- போன வருடம் சுற்றிலும் கத்தரித்து உருண்டையாக்கினீர்களா? எலுமிச்சைக்குக் கடும் கவாத்து ஆகாது. தரையிலிருந்து 45 செ.மீ. வரை தண்டைச் சுத்தமாக வைத்து, காய்ந்த சுள்ளியையும், உள்ளே முள்ளோடு சதசதவென்று நட்டுக்குத்தாக ஏறுகிற நீர்ப்போத்தையும் மட்டும் எடுங்கள்.
- இலையிலும் காயிலும் சொரசொரவென்று தவிட்டு நிறச் சொறி இருக்கிறதா? அந்தக் குச்சிகளை வெயில் நாளில் வெட்டி எரித்துவிட்டு, காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் கலந்து தெளியுங்கள். ஈரத்தில் வெட்டினால் நோய் பரவும். கத்தரியை மரத்துக்கு மரம் ஸ்பிரிட்டால் துடையுங்கள்.
- தூரில் பிசின் வடிந்து பட்டை அழுகியிருந்தால் கிணற்றடித் தண்ணீர் தூரைத் தொட்டு நிற்கிறது என்று அர்த்தம். மண்ணைக் குவித்து, தண்ணீர் தூரில் படாமல் பாத்தியை வெளியே தள்ளிப் போடுங்கள். அழுகல் தண்டைச் சுற்றிக்கொண்டால் மரம் போய்விடும், அதற்கு முன்னால் தோட்டக்கலைக்காரர்களிடம் காட்டிவிடுங்கள்.

காய் பாரத்திலோ காற்றிலோ கிளை ஒடிகிறது

நெல்லியில்தான் அதிகம். அதன் கட்டை சட்டென்று முறியும், காயோ கொத்துக்கொத்தாக ஏறும். இந்த வருடத்துக்கு மூங்கிலால் முட்டு கொடுங்கள். இளமரமாக இருந்தால் தரையிலிருந்து முக்கால் மீட்டருக்கு மேலே, நாலு திசைக்கும் நாலு கொம்பை மட்டும் விட்டு வளர்த்தால் பின்னால் இந்தப் பிரச்சினை வராது. நெல்லி பூத்தும் காய்க்கவே இல்லை என்று கேட்கிறவர்களுக்கு: ஒற்றை மரமாக இருந்தால் வேறு ரக நெல்லி ஒன்று பக்கத்தில் வேண்டும், எத்தனை கவாத்து பண்ணினாலும் தீராது.

மற்ற மரங்களில் கவையைப் பாருங்கள். இரண்டு கொம்பும் குறுகலாக, ஒன்றையொன்று நெருக்கி ஏறி, நடுவில் பட்டை உள்ளே மடிந்திருந்தால் அது பிளக்கிற கவை. ஆடிக் காற்றிலேயே பிளக்கும், 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது சொல்லவே வேண்டாம். சின்னதிலேயே இரண்டில் ஒன்றை எடுத்துவிட வேண்டும். ஏற்கெனவே கீறல் விழுந்த பெரிய கவை என்றால் நீங்கள் ஏறாதீர்கள்.

கொம்பு கை தடிமனுக்கு மேல் என்றால் மூன்று வெட்டாக வெட்ட வேண்டும். தாய்மரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி அடிப்பக்கத்தில் கால்வாசி, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழுவதும், கடைசியாக மிஞ்சின கட்டையைக் கழுத்தில். ஒரே வெட்டாக வெட்டினால் கொம்பு விழும்போது தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும்.

பலா, மாதுளை, சீத்தா

பலா காய்ப்பு நின்றுவிட்டது என்றால் தண்டைச் சுத்தம் செய்தீர்களா என்று பாருங்கள். தண்டிலிருந்து கிளம்புகிற சின்னச் சின்ன இலைக்குச்சிகளைத் தேவையில்லாதது என்று சீவிவிடுகிறார்கள், காய் வருவதே அதில்தான். காய்ந்துபோன பழைய காம்பை மட்டும் எடுங்கள்.

மாதுளை புதர் மாதிரி ஆகிவிட்டால் மூன்று, நாலு தண்டை மட்டும் விட்டு, தூர்ப்போத்தை எல்லாம் எடுங்கள், காய்ந்த கொம்பை மார்கழியில் கழிக்கலாம். பூ உதிர்வதைப் பார்த்துக் கலங்க வேண்டாம், அடி குறுகி மணி மாதிரி இருக்கிற பூ ஆண்பூ, அது உதிரத்தான் செய்யும். சீத்தாவுக்கு இலை கொட்டி நிற்கிற மாசி, பங்குனி சரியான காலம், மெல்லிய குச்சிகளைக் குறைத்தால் புதுத்தளிரோடு பூ வரும்.

ஓட்டு மேலும் மின்கம்பி மேலும் சாய்கிறது

நாட்டு பாதாம், புளி, பழைய மா. பாதாமின் உச்சியை வெட்டினால் குடை மாதிரி அடுக்கு கெட்டுப்போய்ப் போத்துக்காடு ஆகிவிடும், ஓட்டைத் தொடுகிற அடுக்கை மட்டும் தண்டு வரைக்கும் எடுத்துவிடுங்கள், உச்சி அதுபாட்டுக்கு வளரட்டும். இலை கொட்டுகிற மரம்தான் அது, வெட்டினால் கொட்டுவது நிற்காது.

கம்பிக்குப் பக்கத்தில் இருக்கிற கொம்பைத் தொரட்டியால்கூடத் தொடாதீர்கள். மின்வாரியத்துக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்தினபிறகுதான் வேலை. வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987.

ஓட்டுக்கு மேலே இருக்கிற தடிக் கொம்புக்கு ஆள் வைக்கும்போது கூலி பேசுவதற்கு முன்னால் மூன்று கேளுங்கள்: கயிறு இருக்கிறதா, ரம்பம் இருக்கிறதா, நுனியிலிருந்து துண்டு துண்டாக இறக்குவாரா. மூன்றுக்கும் சரி என்கிறவர் கொஞ்சம் அதிகம் கேட்டாலும் கொடுங்கள், ஒரு கொம்பு விழுந்து உடைகிற நாட்டு ஓட்டுக்கு ஈடாக அதே அளவில் பழைய ஓடு தேடி அலைகிற செலவு அதைவிடப் பெரிது. வேலை முடிந்த அன்றைக்கே ஓட்டு மேல் விழுந்த சுள்ளியையும் தூளையும் கூட்டி இறக்கச் சொல்லிவிடுங்கள், விட்டால் அடுத்த மழையில் தூம்பை அடைத்து முற்றத்தில் தண்ணீர் நிற்கும்.